இரும்பில் வரைந்த மரம்

தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டிலிருந்து பென்னாகரம் வரை புதிதாக எழும்பியிருக்கும் வீடுகளின் வாசல் கதவுகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். பல கதவுகள் முதிர்ந்த தேக்கு மாதிரி இருக்கும். நீள நீளமாக ரேகை ஓடும். நடுவே ஒரு முடிச்சு, முடிச்சைச் சுற்றி வளையம் வளையமாகச் சுழி. பக்கத்தில் போய் விரலால் சுண்டினால் தகடு டங்கென்று சத்தம் போடும். வெல்டிங் பட்டறையில் செய்து, பட்டி பார்த்து, பெயிண்டரை வைத்து மரமாக்கிய கதவு அது.

வீட்டுக்காரர் இதில் யாரையும் ஏமாற்றவில்லை. பட்டறை அதே ஊரில் இருக்கிறது. கதவு டெம்போவில் வந்து இறங்கியதைத் தெருவே பார்த்தது. புதுமனைக்கு வந்த அத்தனை பேருக்கும் அது இரும்பு என்று தெரியும். தெரிந்தும் ‘கதவு நல்லா அமைஞ்சிருக்குங்க’ என்கிறார்கள், மனதறிந்துதான் சொல்கிறார்கள். பச்சையோ நீலமோ அடித்து விட்டிருந்தால் செலவு குறைந்திருக்கும், இரும்பும் இரும்பாகவே இருந்திருக்கும். பிறகு அதற்கு எதற்கு மரத்தின் முகம்?

இதே கேள்வியை அமெரிக்கா நாற்பது வருஷம் சாலையில் ஓட்டியே பார்த்திருக்கிறது. நாம் கதவில் செய்வதை அவர்கள் காரில் செய்தார்கள்.

ஸ்டேஷன் வேகன் என்ற கார் வகை நம் பக்கம் வேர் பிடிக்கவில்லை. டிக்கி இருக்க வேண்டிய இடத்தில் கூரை கடைசி வரை நீண்டுபோய், பின்கதவைத் திறந்தால் சாமான்களுக்கும் பிள்ளைகளுக்கும் இடம் இருக்கும் நெட்டைக் கார். அம்பாசடரில் எஸ்டேட் மாடல் வந்தது. 1992-ல் டாடா எஸ்டேட் வந்தது. பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, சாதாரண அம்பாசடரிலேயே பத்துப் பன்னிரண்டு பேரை அடைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போனோம். எந்தக் காரையும் ஸ்டேஷன் வேகனாக்கிவிடும் ஊருக்குத் தனியாக ஒன்று தேவைப்படவில்லை.

அமெரிக்காவில் அது பிறந்த விதம் நமக்குப் பழக்கமானதுதான். ரயில்வே ஸ்டேஷனில் இறங்கும் ஆட்களையும் அவர்களுடைய பெட்டிகளையும் விடுதிக்கோ வீட்டுக்கோ கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வண்டி தேவைப்பட்டது. 1910-களிலும் 20-களிலும் ஃபோர்டு மாடல் டி-யின் சேஸிஸை வாங்கி, தச்சரிடம் விட்டு, மேலே மரத்தில் கூடு கட்டிக்கொண்டார்கள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரி சேஸிஸை ஓட்டிக்கொண்டு போய்ப் ‘பாடி கட்ட’ விடுகிறார்களே, அதே ஏற்பாடு. ஸ்டேஷன் ஓரிடம், ஊர் ஓரிடம் என்றால் என்ன ஆகும் என்பதைத் தருமபுரிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ல் குறுகிய பாதை ரயில் வந்தது. 1913-ல் அது ஓசூர் வரை நீண்டது. 1941-ல், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அது மூடப்பட்டு தண்டவாளமும் பெயர்க்கப்பட்டது. அதற்குப் பிறகு மொரப்பூரில் சென்னை ரயிலை விட்டு இறங்கியவருக்கு, பெட்டி படுக்கையோடு ஊர் வந்து சேர முப்பது கிலோமீட்டர் அளவுக்குச் சாலைவழி மிச்சமிருந்தது.

அந்த முதல் வண்டிகளில் மரம் இருந்ததற்கு அழகு காரணம் இல்லை. மரம் கைக்கெட்டியது, தச்சருக்கு மரவேலை தெரிந்தது, குறைந்த எண்ணிக்கையில் செய்யத் தகடு அடிக்கும் பெரிய அச்சு கட்டுப்படியாகாது. ஹென்றி ஃபோர்டு மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதியில் அயர்ன் மவுண்டன் என்ற ஊரைச் சுற்றிப் பெரிய காடுகளையே வாங்கி மரம் அறுத்தார். அறுப்பில் மிஞ்சிய துண்டுகளும் வீணாகவில்லை. அவற்றைக் கரியாக்கி, கட்டி பிடித்து, அடுப்புக்கரியாக விற்றார். பின்னாளில் கிங்ஸ்ஃபோர்டு என்ற பெயரில் அமெரிக்கர்கள் இறைச்சி சுடும் கரி அதுதான். கணக்குப் பார்க்கிற மனுஷன்.

மரக்கூடு வண்டி வைத்திருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. மழையில் ஊறும், வெயிலில் வெடிக்கும், மூட்டு தளரும், ஓடும்போது கிறீச்சிடும். வருஷத்துக்கொரு முறை பழைய வார்னிஷைச் சுரண்டிப் புதிதாகப் பூச வேண்டும். இங்கிலாந்தின் மோரிஸ் மைனர் டிராவலர் கார் 1971 வரை நிஜ ஆஷ் மரச்சட்டத்தோடுதான் வந்தது. அதன் ஜன்னல் ஓரத்தில் பாசி பிடிப்பதைப் பற்றி அந்த நாட்டுக்காரர்கள் இன்றைக்கும் சிரித்துக்கொள்கிறார்கள். ஆகவே 1940-களின் கடைசியில் முழு இரும்பு உடல் கொண்ட வேகன் வந்ததும், பிளைமவுத் கம்பெனி அதை 1949-ல் விற்கத் தொடங்கியதும், வாங்குபவர்கள் பெருமூச்சு விட்டிருப்பார்கள். மரத்தின் கதை அங்கே முடிந்திருக்க வேண்டும்.

நடந்தது வேறு. கிரைஸ்லர் 1947-லேயே தன் டவுன் அண்ட் கன்ட்ரி காரில் மகோகனிப் பலகை இருந்த இடத்தில் டைநாக் என்ற ஒட்டுப்படத்தை வைத்துவிட்டது. மரத்தின் ரேகையை மெல்லிய படலத்தில் அச்சிட்டுத் தகட்டின் மேல் ஒட்டுவது. ஃபோர்டு 1952-ல் கன்ட்ரி ஸ்கொயர் என்ற வேகனை முழு இரும்பில் செய்து, இரண்டு பக்கத்திலும் இந்தப் படத்தை ஒட்டியது. சுற்றியிருந்த சட்டம் மட்டும் முதலில் நிஜ மரம். பிறகு அதுவும் போய், மரம் மாதிரி வண்ணமடித்த கண்ணாடியிழை வந்தது. நிஜ மர உடலோடு வந்த கடைசி அமெரிக்க வேகன் 1953-ன் பியூக். அதன் பிறகு முப்பத்தெட்டு வருஷம், 1991 வரை, கன்ட்ரி ஸ்கொயர் ஒட்டுப்படத்தோடே ஓடியது.

இதில் எனக்குச் சுவையாகப் படுவது விலை. கன்ட்ரி ஸ்கொயர்தான் ஃபோர்டு வேகன்களில் உச்சம். அதே இரும்பு உடலில் மரப்படம் இல்லாமல் வந்தவை அதற்குக் கீழ்ப்படி. அதே காலத்தில், உண்மையான மரம் வைத்த பழைய வண்டிகள் கலிபோர்னியாவில் அடிமாட்டு விலைக்குப் போயின. அலைச்சறுக்குப் பலகையை ஏற்றிப் போக நீளமான வண்டி தேடிய இளவட்டங்கள் அவற்றை வாங்கிக் கடற்கரையில் நிறுத்தினார்கள். மரம் உளுத்துக் கிடந்தது, மரத்தின் படம் கூடுதல் விலைக்குப் போனது.

ஏமாற்று என்றால் முதல் வருஷத்திலேயே அம்பலமாகியிருக்கும். கன்ட்ரி ஸ்கொயர் வாங்கிய ஒருவர்கூட அது மரம் என்று நினைத்து வாங்கவில்லை. பின் ஏன் என்றால், பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கிறோமே, அதைப் போல என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பையன் தாத்தா இல்லை என்பது பெயர் வைக்கிறவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். இருந்தாலும், வந்தவன் யாரோ இல்லை, இந்த வீட்டுக்காரன்தான் என்று சொல்லியாக வேண்டும். புதிதாக வந்த இரும்புக் கார், ஆலையிலிருந்து வந்த அந்நியன். அதன் விலாவில் மரத்தை வரைந்ததும் அது குடும்ப வண்டி ஆகிவிட்டது. பொருள் சட்டென்று மாறிவிடும். கண்ணுக்கு இன்னும் ஒரு தலைமுறை வேண்டும்.

அமெரிக்கர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை இல்லை. அவர்களுக்கு ஆயிரத்து முந்நூறு வருஷம் முன்பே நாம் இதைச் செய்தவர்கள். விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டில் குகைக்கோயில் குடைந்த முதலாம் மகேந்திரவர்மன், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் இதைச் செய்தேன் என்று கல்வெட்டில் பெருமை பேசுகிறான். மரத்தை விட்டுவிட்டேன் என்பது அவனுடைய அறிவிப்பு. அடுத்தாற்போல் மாமல்லபுரத்தில் பல்லவர்கள் கல்லில் என்ன செய்தார்கள்? திரௌபதி ரதம் என்று நாம் கூப்பிடுவது கூரை வேய்ந்த குடிசை, பாறையில். மற்ற ரதங்களில் மரத்தச்சன் கட்டிய மாடங்களின் உத்தரமும் கூரை வளைவும் கல்லாகிக் கிடக்கின்றன. கல்லுக்கு உத்தரம் தேவையில்லை. பாறை தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும். கண்ணுக்குத்தான் தேவைப்பட்டது.

அது அதோடு நிற்கவும் இல்லை. புதுக்கோட்டை மாவட்டம் ஆவுடையார்கோயிலில், கூரையின் வளைந்த விளிம்பான கொடுங்கைக்குக் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கைமரம், குறுக்குச் சட்டம், அவற்றைப் பிணைக்கும் ஆணி எல்லாம் கல். மரக்கூரையின் ஒவ்வொரு மூட்டையும் கல்தச்சன் தேடிப்பிடித்துச் செதுக்கியிருக்கிறான். ஆவுடையார்கோயில் கொடுங்கையும் தாரமங்கலத்துத் தூணும் நீங்கலாக மற்றதெல்லாம் செய்து தருகிறோம் என்று அந்தக் காலத்து ஸ்தபதிகள் ஒப்பந்தம் எழுதுவார்கள் என்று ஒரு சொலவடை உண்டு. தாரமங்கலம் நமக்குப் பக்கத்து மாவட்டம்தான். தருமபுரி கோட்டைக் கோயிலில் நுளம்ப மன்னர்கள் காலத்து விதானச் சிற்பத்தைக் காண ஒரு மாலை போய்வரலாம். எந்தப் பழைய கோயிலுக்குள் நுழைந்தாலும் தலைக்கு மேலே, கல்லுக்குள்ளே, ஒரு தச்சனின் நினைவு கிடக்கிறது.

அப்படியானால் மாமல்லபுரமும் கன்ட்ரி ஸ்கொயரும் ஒன்றா? வாய் கூசுகிறது. இரண்டும் மரத்தைப் போலச் செய்தவைதான். ஆனாலும் ஒன்றின் முன்னால் கைகட்டி நிற்கிறோம், இன்னொன்றைக் கேலி செய்கிறோம். 1983-ல் வந்த ‘நேஷனல் லாம்பூன்ஸ் வெக்கேஷன்’ படத்தில் அந்த மரப்படக் காரைக் கிண்டலடிப்பதற்கென்றே ஒரு விகாரமான வேகனைச் செய்து ஓட்டினார்கள், அமெரிக்கா விழுந்து விழுந்து சிரித்தது. பழமைக்குத்தான் இந்த மரியாதை என்று சொல்லித் தப்பிக்கலாம். எனக்கு அது போதவில்லை.

உழைப்புக் கணக்கைப் பார்க்க வேண்டும். குடிசை வேயச் சில நாள் போதும். அதையே பாறையில் செய்ய எத்தனை கை, எத்தனை உளி, எத்தனை வெயில். மரக் கொடுங்கையைக் கட்டிய தச்சனைவிட அதைக் கல்லில் இழைத்தவன் பல மடங்கு உழைத்தான். மூலத்துக்குக் கொடுத்ததைவிட அதிகமாகப் போலிக்குக் கொடுத்தான். அப்போது அது போலியாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. ஒட்டுப்படத்தில் கணக்கு தலைகீழ். மரத்தச்சன் நாள்கணக்கில் செய்ததை அச்சு எந்திரம் நிமிஷத்தில் செய்தது. மரத்தின் முகத்தை எடுத்துக்கொண்டு, மரம் கேட்ட வேலையைக் கழித்துவிட்டார்கள். வார்னிஷ் வேண்டாம், பாசி வேண்டாம், கவலையும் வேண்டாம். வாங்கியவருக்கு அதுதான் ஆதாயம், நான் மறுக்கவில்லை.

நம் கதவுக்கு வருவோம். இரும்பில் மரம் வரையும் பெயிண்டர் முதலில் சந்தன நிறத்தில் ஒரு கோட் அடித்துக் காயவிடுவார். அதன் மேல் நீர்த்த பிரவுன் பூச்சு. அது ஈரமாக இருக்கும்போதே காய்ந்த பிரஷ்ஷையோ ரப்பர் சீப்பையோ மேலிருந்து கீழாக இழுப்பார். கை நடுங்கினால் ரேகை செத்துவிடும். முடிச்சு வரும் இடத்தில் மணிக்கட்டை ஒரு திருப்பு. கதவின் நான்கு பலகையிலும் ஒரே இடத்தில் முடிச்சு விழக்கூடாது, நிஜ மரம் அப்படிச் செய்யாது என்பது அவருக்குத் தெரியும். எந்த மரத்துக்கு எந்தச் சுழி என்று காட்டையோ மரக்கடையையோ உற்றுப் பார்க்காதவரால் இதை இழுக்க முடியாது. அவரைக் கூப்பிடாமல் மரப்படம் அச்சிட்ட ஸ்டிக்கரை வாங்கி ஒட்டுகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அதில் இரண்டடிக்கு ஒருமுறை அதே முடிச்சு திரும்ப வரும். இரண்டு கதவும் இரும்பு, இரண்டும் தேக்கு வேஷம். ஆனால் ஒன்றில் மரத்தை உற்றுப் பார்த்த ஒருவர் இருக்கிறார். மற்றதில் யாரும் இல்லை.

இப்படிச் சொல்லும்போது, நிஜ மரம்தான் உயர்ந்தது, அந்தக் காலம் போய்விட்டது என்று புலம்பும் பக்கம் பேச்சு சாய்ந்துவிடும். தருமபுரியில் உட்கார்ந்து அப்படிப் புலம்ப முடியாது. மரத்துக்கு இங்கே என்ன விலை கொடுத்தார்கள் என்பது நீதிமன்ற ஏட்டில் இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று அரூர் பக்கத்து வாச்சாத்தி மலைவாழ் மக்கள் கிராமத்துக்குள், சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்தார்கள். ஊரைச் சூறையாடினார்கள், பெண்களை வன்கொடுமை செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2011 செப்டம்பர் ஆயிற்று. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-ல். காட்டுக்கு வெகு தூரத்தில் இருப்பவருக்கு மரம் அழகு, வாசம், பாரம்பரியம். காட்டோரத்தில் இருப்பவருக்கு அதே மரம் வழக்காகவும் வந்திருக்கிறது. இரும்புக் கதவில் தேக்கை வரைந்துகொள்கிற ஏழையைப் பார்த்து ரசனை இல்லாதவன் என்று சொல்வதற்கு முன்னால் இது நினைவிருக்கட்டும்.

மரம் என்பதாலேயே ஒரு பொருள் மெய்யாகிவிடுவதும் இல்லை. இந்த மாவட்டத்தில் இன்றும் ஓடும் மர வாகனம் கோயில் தேர். குமாரசாமிப்பேட்டை சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலில் தைப்பூசத் தேரைப் பெண்களே வடம் பிடித்து இழுப்பார்கள். பார்க்க வேண்டிய காட்சி. அதே மாவட்டத்தில் 2022 ஜூனில் மாதேஅள்ளி காளியம்மன் கோயில் தேர் கவிழ்ந்து இருவர் இறந்தார்கள். எண்ணெய் போட்டு, ஆப்பு இறுக்கி, அச்சைத் தட்டிப் பார்த்து, வருஷம் தவறாமல் யாராவது கவனிக்கவில்லை என்றால் எவ்வளவு பழைய மரமும் யாரையும் காப்பாற்றாது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் தொழிற்சாலை இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. மேலே மரம், கீழே இரும்பு. கன்ட்ரி ஸ்கொயரின் ஆரம்ப நாட்களும் ஏறக்குறைய இதே அமைப்புதான். அதனால் தேர் தேராக இல்லாமல் போய்விட்டதாக யாரும் சொல்லவில்லை.

அமெரிக்க வேகனின் கதையில் கடைசியாக ஒரு திருப்பம் இருக்கிறது. 1983-ல் கிரைஸ்லர் மினிவேனைக் கொண்டுவந்தது, குடும்பங்கள் அதற்கு மாறின. 1991-ல் கன்ட்ரி ஸ்கொயர் நின்றது, 1996-ல் பியூக் ரோட்மாஸ்டர் எஸ்டேட்டும் நின்றது. இப்போது, அந்த வண்டிகளின் பின்சீட்டில் கால் நீட்டிப் படுத்து வளர்ந்த பிள்ளைகள் ஐம்பது அறுபது வயதில் அவற்றைத் தேடி வாங்கிப் புதுப்பிக்கிறார்கள். வெயிலில் வெளுத்துச் சுருண்ட ஒட்டுப்படத்தைச் சூடு காட்டி அங்குலம் அங்குலமாக உரிக்கிறார்கள். தகட்டைத் தேய்த்து வழவழப்பாக்குகிறார்கள். அந்த வருஷத்து மாடலில் ரேகை எந்த நிறம், எந்தத் திசை என்று பழைய விளம்பரத்தாள்களைப் பார்த்து அதே மாதிரிப் படத்தைத் தேடுகிறார்கள். நிஜ மரப்பலகை வைக்கலாமே என்று யாராவது சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். அது போலியாகிவிடும்!

நான் மேலே போட்ட உழைப்புக் கணக்கை இவர்கள் திருத்த வைக்கிறார்கள். செய்தவன் உழைத்திருந்தால்தான் ஒரு பொருள் மெய் என்று நினைத்தேன். செய்தபோது யாரும் உழைக்காத ஒன்றுக்குப் பின்னால் வந்தவர்கள் உழைக்கலாம். கிரைஸ்லரும் ஃபோர்டும் மிச்சம் பிடித்த வேலையை, ஐம்பது வருஷம் கழித்து, சம்பளம் வாங்காமல் அவர்களுடைய வாடிக்கையாளரின் பிள்ளைகள் செய்து கொடுக்கிறார்கள். மரக்கூடு வண்டிக்காரர் வருஷா வருஷம் வார்னிஷ் பூசினாரே, அந்தப் பராமரிப்பு படத்துக்கே திரும்பி வந்துவிட்டது. ஒரு பொருளின் மெய் அது எதில் செய்யப்பட்டது என்பதில் பாதிக்கு மேல் இல்லை. அதன் முன்னால் யார், எவ்வளவு நேரம் குனிந்து உட்கார்ந்தார்கள் என்பதில்தான் மிச்சம் இருக்கிறது. ஸ்தபதி முன்கூட்டியே குனிந்தான், காரை மீட்கிறவர் பிந்திக் குனிகிறார். யாருமே குனியாத பொருள்தான் கடைசி வரை ஸ்டிக்கராகவே இருந்துவிடுகிறது, அது அசல் தேக்கே ஆனாலும்.

வீடு கட்டி முடிக்கிற அவசரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரும்புக் கதவு போடுங்கள், தவறே இல்லை. மரத்தை அதில் வரையவும் வரையுங்கள். ஆனால் கையால் ரேகை இழுக்கத் தெரிந்த பெயிண்டர் உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ இன்னும் இருந்தால், ஸ்டிக்கர் வாங்கப் போவதற்கு முன் அவருக்கு ஒரு போன் போடுங்கள். கூலி கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார், இரண்டு நாள் வேலையும் இழுக்கும். பேரம் பேசாமல் கொடுங்கள்.